உறைமோர் இருக்கா அக்கா?

அயனாவரத்தில் நாங்கள் இருந்தது ஒண்டுக்குடித்தனம். நடுவில் ஒரு அடிபம்பு, சுற்றிலும் ஆறு குடும்பங்கள். எதிர் போர்ஷனில் இருந்தவரை நாங்கள் அத்தை என்று கூப்பிடுவோம், சொந்தமெல்லாம் இல்லை. சில ராத்திரிகளில் பத்து மணிக்கு மேல் கையில் ஒரு எவர்சில்வர் டம்ளரோடு எங்கள் வாசலில் வந்து நிற்பார்.

"அக்கா, கொஞ்சம் உறைமோர் இருக்கா?"

அம்மா ஒன்றும் பேசாமல் அவரை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவார். எனக்குப் பக்கத்தில் ஒரு பாய் விரிப்பார். டம்ளர் காலியாகவே அலமாரி மேல் இருக்கும். விடியற்காலையில் பம்பு அடிக்கும் சத்தம் கேட்டதும் அத்தை எழுந்து டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அன்றைக்கும் வழக்கம்போல வாசல் தெளித்து, வழக்கம்போல என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

அவர்கள் வீட்டுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் பால். காபிக்கே காணாது. தயிர் தோய்க்க ஏது பால் என்று எனக்கு உறைக்கப் பல வருஷம் ஆனது. அம்மாவுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. ஒரு தடவைகூட அத்தை "என்னை அடிக்கிறார்" என்று வாய்விட்டுச் சொன்னதில்லை, அம்மாவும் கேட்டதில்லை.

ஒரு ராத்திரி அந்த ஆள் எங்கள் வாசலில் வந்து "என் பொண்டாட்டிய அனுப்பு" என்று நின்றார். "காலையில வரும், போ" என்றார் அம்மா. மற்ற போர்ஷன்களில் விளக்கு எரிய ஆரம்பித்தது. அவர் போய்விட்டார். இரண்டு மாதத்தில் வீட்டைக் காலி செய்துகொண்டு கிளம்பினார்கள். மீன்பாடி வண்டியில் சாமான் ஏற்றும்போது அத்தை எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. வாடகை அதிகம் என்று காரணம் சொன்னார்கள். அந்த டம்ளருக்காகத்தான் அந்த ஆள் வீடு மாற்றினார் என்று இப்போது நினைக்கிறேன். மனைவிக்குக் கதவு திறக்கிற வீடு ஒன்று இருந்தது, அந்த வீடு இல்லாத தெருவுக்கு அவளைக் கொண்டுபோய்விட்டார்.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், எங்கள் வீட்டில் சமைக்க வரும் அக்கா. அவரிடம் கேட்டு, அவர் சரி என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். பேரும் அடையாளமும் வேண்டாம் என்றார். சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

செய்தித்தாளில் ஒரு பெண் அடிபட்டோ எரிந்தோ செத்துப்போன செய்தி வரும்போதெல்லாம் நாம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "இவ்வளவு நாள் ஏன் சொல்லாம இருந்தா?" 2019 முதல் 2021 வரை எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பார்த்தால் இந்தக் கேள்வி நியாயம்போலத் தோன்றும். தமிழ்நாட்டில் திருமணமான, 18 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். உடல் வன்முறையோ பாலியல் வன்முறையோ நேர்ந்த பெண்களில், நாடு முழுவதும் பார்த்தால், அதை நிறுத்த யாரிடமாவது உதவி கேட்டவர்கள் 14 சதவீதம்தான். யாரிடமாவது என்றால் போலீஸ் மட்டும் இல்லை, பெற்ற தாயிடம் கேட்டிருந்தாலும் இந்தக் கணக்கில் வந்துவிடும். அப்படியும் 14.

ஆனால் இந்தக் கணக்கில் அத்தை எந்தப் பக்கம் வருவார்? கணக்கெடுக்க வந்தவரிடம் "உதவி கேட்டேன்" என்று சொல்லியிருப்பாரா? உறைமோர் கேட்டதாகத்தானே அவருக்கே நினைவிருக்கும்.

சமையல் அக்கா என்னிடம் கேட்டவற்றை இப்போது வரிசையாக நினைத்துப் பார்க்கிறேன். ஏழரைக்குப் பதில் ஆறு மணிக்கே வரட்டுமா என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமையும் வரட்டுமா, தனியாகப் பணம் வேண்டாம் என்றார். போனை இங்கேயே சார்ஜ் போட்டுக்கொள்ளலாமா என்றார். ஒருநாள் ஒரு ஜவுளிக்கடை பிளாஸ்டிக் கவரை நீட்டி, "இத உங்க பீரோல ஒரு ஓரமா வெச்சிருக்கீங்களாம்மா" என்றார். ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பேங்க் பாஸ்புக், கேஸ் புத்தகம், ஒரு ஜோடிக் கம்மல். வீட்டில் எலித் தொல்லை என்றார். நானும் சரி என்று வாங்கி வைத்தேன். அம்மா ஒரே டம்ளரில் புரிந்துகொண்டதை நான் நாலு முறையும் விட்டுவிட்டேன்.

கன்னத்தில் வீக்கத்தோடு வந்த அன்றுதான் எனக்குப் புரிந்தது. புரிந்ததும் நான் செய்த முதல் காரியம் தப்பு. "ஏங்க்கா இன்னும் அங்க இருக்கீங்க? விட்டுட்டு வந்துடுங்க" என்றேன். அவர் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு, "எங்கம்மா போறது?" என்றார். அங்கலாய்ப்பாகச் சொல்லவில்லை. என்னிடம் ஏதாவது இடம் இருக்கிறதா என்று உண்மையாகவே கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அதன் பிறகு இரண்டு வாரம் வேலையைத் தவிர வேறெதுவும் என்னோடு பேசவில்லை.

போகிற இடத்தைப் பற்றி அவர் யோசிக்காமல் இருந்ததே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. நாலு வீட்டு வேலை, மாதம் 14,000 ரூபாய். ஊருக்குள் ஒரு ரூம் எடுக்கவே கையில் பெரிய தொகை அட்வான்ஸ் வேண்டும். இரண்டு குழுக் கடன் இருக்கிறது, வாரத் தவணை. இந்தக் குழுக் கடனை வாங்காதவர்களுக்கு அதன் பிடி தெரியாது. ஒருத்தி ஒரு வாரம் கட்டாவிட்டால் கூட இருக்கிற மற்ற பெண்கள் சேர்ந்து கட்ட வேண்டும். தவணை வசூலிக்க வருகிற ஆள் தெருவிலேயே உட்கார்ந்திருப்பார். அக்கா ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பினால் அடுத்த வாரம் அவருடைய தோழிகளின் கையில்தான் அந்தச் சுமை விழும். புருஷனைவிட்டுப் போவது என்றால் அந்தப் பெண்களையும் விட்டுப் போவதாகிறது. கஷ்டகாலத்தில் அரிசி கொடுத்தவர்கள் அவர்கள்தான்.

அம்மா வீடு திண்டிவனம் பக்கம். போயிருக்கிறார், ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. முதல் தடவை பத்து நாள் வைத்துக்கொண்டார்கள். இரண்டாம் தடவை அண்ணன் கூடவே வந்து கொண்டுவிட்டார். மூன்றாம் தடவை அண்ணி, "வாழாவெட்டியா வந்து உக்காந்தா நாளைக்கு எம்பொண்ண எவன் கட்டுவான்" என்று கேட்டிருக்கிறார். அவருடைய அம்மா, "அடிக்கிற கைதான் அணைக்கும், பையன் தலையெடுக்கற வரைக்கும் பொறுத்துக்கோ" என்று சொல்லி பஸ் ஏற்றிவிட்டார். அந்த அம்மாவைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவரும் ஒற்றை ரூம் வீட்டில் மகனுடைய சோற்றைச் சாப்பிடுகிறவர்.

அப்புறம் பெரும்பாக்கம், சென்னையின் தெற்கு ஓரம். அக்காவின் வீடு அங்கேதான். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாற்றுக் கரைகளில் இருந்த எத்தனையோ குடும்பங்களைக் கிளப்பிக் கொண்டுபோய் அங்கே எட்டு மாடிக் கட்டடங்களில் வைத்தார்கள். குடிசையைவிட காங்கிரீட் வீடு மேல் என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். அக்கா சொன்னது வேறு. "ஆத்தங்கரையில தட்டிதாம்மா சுவரு. கைய ஓங்குனாலே பக்கத்து வூட்டுப் பெரிம்மா காறித் துப்பும். இங்க கதவ மூடிட்டா செத்தாலும் தெரியாது." அந்தப் பெரியம்மாவுக்கு வேறு பிளாக்கில், வேறு மாடியில் வீடு. வேலை செய்த வீடுகளும் தூரமாகிவிட்டன. விடியற்காலையில் கிளம்பி இருட்டிய பிறகு திரும்புகிறவருக்கு, புது அக்கம்பக்கத்தைப் பழக்கிக்கொள்ள நேரம் ஏது?

ஒன்று சொல்ல வேண்டும். 2021-இல் சாதாரண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனபோது அதை ஓசி என்று கேலி பேசினவர்கள் உண்டு. பஸ்ஸுக்குக் காசு எங்கே என்று புருஷனிடம் கையேந்தாமல் வீட்டைவிட்டு வெளியே வர முடிவது என்றால் என்ன என்று அவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். அக்கா ஞாயிற்றுக்கிழமையும் எங்கள் வீட்டுக்கு வர முடிந்ததே அதனால்தான்.

அடுத்த முறை அடி கையில் விழுந்தது. நான் கூடப் போனேன், அரசு ஆஸ்பத்திரிக்கு. அங்கே டாக்டர், பின்னால் இருபது பேர் நிற்கும்போதே "எப்படி அடிபட்டது?" என்று கேட்டார். "படியில வழுக்கிட்டேன்" என்றார் அக்கா. எனக்குக் கோபம். வெளியே வந்து கேட்டேன். "புருஷன் அடிச்சான்னு சொன்னா ஏ.ஆர். போடுவாங்க, போலீசுக்குத் தகவல் போகும், அவங்க வூட்டுக்கு வருவாங்க, வந்துட்டுப் போயிடுவாங்க. அப்புறம் ராத்திரி நாந்தான இருக்கணும்?" என்றார். விபத்துப் பதிவேட்டில் எழுதப்படும் அந்த ஏ.ஆர்.தான் பின்னால் கோர்ட்டில் பெரிய சாட்சி. "கணவர் அடித்ததாகச் சொன்னார்" என்ற ஒரு வரி அதில் இருந்தால் போதும். அந்த வரியின் மதிப்பு எனக்குத் தெரிந்திருந்தது. அதைச் சொல்லிவிட்டு அன்று ராத்திரி எங்கே தூங்குவது என்ற கேள்வி அவருக்குத் தெரிந்திருந்தது. படிவம் எழுதுமுன் தனியாக ஒரு ஓரத்தில் கூட்டிப்போய், "இன்னைக்கு வீட்டுக்குப் போறது உங்களுக்குப் பரவாயில்லையா?" என்று அங்கே யாராவது கேட்டிருந்தால் பதில் மாறியிருக்கும்.

இரண்டு நாள் கழித்து அவராகவே ஸ்டேஷனுக்குப் போகலாம் என்றார். 1992-இல் ஆயிரம்விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்தபோது, பெண் போலீசிடம் பெண்கள் தயங்காமல் வருவார்கள் என்று நம்பித்தான் திறந்தார்கள். அந்த நம்பிக்கை வீண் என்று சொல்ல மாட்டேன். நாங்கள் போன ஸ்டேஷனில் ஒரு இளம் கான்ஸ்டபிள் அக்காவை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து முழுசாகக் கேட்டார். மனுவை வாங்கிப் பதிவு செய்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். மறுநாள் புருஷனைக் கூப்பிட்டார்கள். அவர் எல்லார் முன்னாலும் அக்காவின் காலில் விழுந்தார். "குடிக்காம இருந்தா நல்ல மனுஷன்தானம்மா" என்று மேலதிகாரி சமாதானம் சொன்னார். இனிமேல் அடிக்க மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு இரண்டு பேரையும் ஒரே ஆட்டோவில் அனுப்பிவைத்தார்கள். மூன்றாவது வாரம் மறுபடி அடி விழுந்தது. இந்த முறை "போலீசுக்குப் போவியா" என்று சொல்லிச் சொல்லி.

குடிக்காவிட்டால் நல்லவர் என்ற பேச்சைப் பற்றி ஒன்று. அதே கணக்கெடுப்பில், அடிக்கடி குடித்துவிட்டு வருகிற கணவன்மார்களின் மனைவிகளில் 70 சதவீதம் பேர் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். குடியே தொடாதவர்களின் மனைவிகளில் 23 சதவீதம். டாஸ்மாக் இந்தக் குடும்பங்களை என்ன பாடு படுத்துகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த 23 சதவீதமும் இருக்கிறதே. அக்காவின் புருஷன் மேஸ்திரியை அடித்ததில்லை, கடைக்காரரை அடித்ததில்லை. எவ்வளவு போதையிலும் யாரை அடிக்கலாம் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

ஸ்டேஷனில் அக்காவிடம் கேட்ட கேள்வி: "கேஸ் போடவா, சமாதானமா போறியா?" கேஸ் என்றால் மனைவியைக் கொடுமைப்படுத்தியதற்கான கிரிமினல் வழக்கு. பழைய 498ஏ, 2024 ஜூலைக்குப் பிறகு புதுச் சட்டத்தில் 85-வது பிரிவு. மூன்று வருஷம் வரை சிறை. அக்கா இரண்டையும் விரும்பவில்லை. புருஷன் உள்ளே போனால் அவர் கொண்டுவரும் கொஞ்சநஞ்சக் கூலியும் நிற்கும், மாமியார் வீட்டுச் சாபமும் சேரும். "அவர உள்ள வெக்க வேணாம்மா. என்ன அடிக்கக் கூடாது. எம்பேர்ல இருக்கற வூட்டுலேர்ந்து என்னத் தொரத்தக் கூடாது. அவ்ளோதான்."

இதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவர் கேட்டது அப்படியே சட்டமாக இருக்கிறது. 2005-இல் இயற்றி, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கும் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அதைத்தான் சொல்கிறது. இனி அடிக்கக் கூடாது என்று மாஜிஸ்திரேட் பாதுகாப்பு உத்தரவு போடலாம். வீடு யார் பேரில் இருந்தாலும் அவளை வெளியேற்றக் கூடாது என்று சொல்லலாம், தேவைப்பட்டால் ஆணை வெளியேறச் சொல்லலாம். பிள்ளைகளின் செலவுக்குப் பணம் கொடுக்க வைக்கலாம். ஜெயில் என்ற பேச்சு, உத்தரவை அவன் மீறினால்தான் வரும்: ஒரு வருஷம் வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் இதற்கென்றே பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். நடந்ததை வாயால் சொன்னால் போதும், அவர் டி.ஐ.ஆர். என்ற குடும்ப வன்முறை அறிக்கைப் படிவத்தில் எழுதிக் கோர்ட்டுக்கு அனுப்புவார். வக்கீலும் இலவசம், இலவச சட்ட உதவிக்குப் பெண்ணுக்கு வருமான வரம்பே கிடையாது. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். இத்தனையும் இருந்தும், பதினாறு வருஷம் அடி வாங்கிய ஒரு பெண்ணிடம் ஒரு ஆள்கூட இதைச் சொல்லவில்லை. எனக்கே அந்த வாரம்தான் ஒழுங்காகத் தெரியும். படித்த நான் 498ஏ-வையும் விவாகரத்தையும் தவிர வேறொன்றையும் யோசித்ததில்லை.

பெண்கள் உதவி எண் 181-க்கு நான்தான் போன் செய்தேன். எடுத்த பெண் முதலில் கேட்டது, "அவங்க இப்ப பேசறதுக்குப் பாதுகாப்பான இடத்துல இருக்காங்களா?" நான் ஒரு நாளும் கேட்காத கேள்வி. ஒருங்கிணைந்த சேவை மையம் பற்றிச் சொன்னார். ஆபத்தான நேரத்தில் ஐந்து நாள் வரை தங்கலாம், மருத்துவம், போலீஸ், சட்ட உதவி எல்லாம் ஒரே இடத்தில். அக்கா விரலை மடக்கி எண்ணினார். "அஞ்சு நாளுக்கு அப்புறம்?" அதற்கப்புறம் இல்லங்கள் இருக்கின்றன. ஆனால் இப்படித் தங்குகிற இடங்களில் குறிப்பிட்ட வயசுக்கு மேல் ஆண்பிள்ளைகளைக் கூட வைத்துக்கொள்ள விடுவதில்லை. அவருடைய பையனுக்குப் பதினாலு. அம்மாவை அடிக்கும்போது நடுவில் வந்து நிற்கிறவன் அவன்தான், அவனை அந்த வீட்டில் விட்டுவிட்டு இவர் மட்டும் போய்ப் படுப்பாரா? வேண்டாம் என்றார். அவர் முடிவு சரி என்றுதான் நினைக்கிறேன்.

மனு போட்டோம். முதல் விசாரணையிலிருந்து அறுபது நாளில் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். எங்களுக்கு ஒன்பதாவது மாதம் நடக்கிறது. இடைக்கால உத்தரவு கிடைத்திருக்கிறது, அடிக்கவோ வேலை செய்யும் இடத்துக்கு வந்து தகராறு செய்யவோ கூடாது என்று. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் போகிறது. வீட்டுவேலை செய்கிறவருக்கு ஒரு நாள் என்றால் நாலு வீட்டில் சம்பளப் பிடித்தம். வீட்டுப் பணியாளர்களுக்கு 2007 முதல் நல வாரியம் இருக்கிறது. ஆனால் கோர்ட்டுக்குப் போன நாளைக்குச் சம்பளம் பிடிக்காதே என்று வீட்டுக்காரரிடம் சொல்ல யாரும் இல்லை. நான் மற்ற மூன்று வீடுகளுக்கும் போய்ப் பேசினேன். இரண்டு பேர் உடனே ஒத்துக்கொண்டார்கள். ஒருவர், "இந்தப் பிரச்சினையெல்லாம் நம்ம வாசலுக்கு வந்துடும்" என்று வேறு ஆள் பார்த்துக்கொண்டார். அக்காவுக்கு மாதம் 3,000 ரூபாய் குறைந்தது. அந்த மாதம் குழுவில் இரண்டு தோழிகள் அவருக்காகத் தவணை கட்டினார்கள்.

உதவி செய்ய வேண்டும் என்று நினைப்பவர்கள் என்னிடம் கேட்கிறார்கள், எந்த அமைப்புக்கு அனுப்பலாம் என்று. எண்களை மேலே எழுதிவிட்டேன். ஆனால் இந்த ஒன்பது மாதத்தில் அக்காவுக்கு உண்மையிலேயே கை கொடுத்தது என்னவென்றால்: பிடிக்காத நாலு நாள் சம்பளம், கூட வந்து பெஞ்சில் உட்கார்ந்த ஒரு ஆள், அப்புறம் பீரோவில் ஒரு ஓரம். விட்டுவிட்டு வா என்று நான் சொன்னதால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்ட பிறகுதான் எல்லாம் நகர்ந்தது. கேட்பதற்கு நான் இரண்டு வருஷம் எடுத்துக்கொண்டேன், அந்த இரண்டு வருஷத்தில் எத்தனை ராத்திரி என்று நினைத்தால் தாங்கவில்லை.

புருஷன் இப்போது பாதி நாள் அவருடைய அக்கா வீட்டில் இருக்கிறார். வந்தால் கத்துகிறார், கை ஓங்குவதில்லை. பையன் உத்தரவின் ஜெராக்ஸை டி.வி.க்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறான். வீட்டைப் பற்றிய மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது, அடுத்த வாய்தா அடுத்த மாதம்.

பொங்கலுக்கு முன்னால் ஒருநாள் பீரோவைத் திறக்கச் சொன்னார். பொங்கல் பரிசு வாங்க ரேஷன் கார்டு வேண்டும் என்றார். கவரை எடுத்துக் கொடுத்தேன். கம்மலை ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே போட்டார், கார்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் காலை ஆறு மணிக்கு வந்ததும் கார்டைத் திருப்பிக் கவருக்குள் வைத்து, "இன்னும் கொஞ்ச நாள் இங்கயே இருக்கட்டும்மா" என்றார்.